‘சொன்னதையே திருப்பிச் சொல்றான் டாக்டர்’: ஆட்டிசக் குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி வந்த வழி

1.
கொஞ்சம் நீளமான இழை இது. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இன்று நாம் கொடுக்கும் ஸ்பீச் தெரபி எங்கிருந்து வந்தது, வழியில் யாரெல்லாம் தப்பான திசையில் போனாங்க, அதற்கு விலை கொடுத்தது யார் என்பதுதான் கதை. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால் கடைசி வரை படிங்க.

2.
அரசு மருத்துவமனை ஓ.பி.யில் இந்தக் குழந்தைகளின் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் நான்கு கேள்விகள்.

“பேச்சு வருது, ஆனா சொன்னதையே திருப்பிச் சொல்றான். இதை நிறுத்த முடியுமா?”
“படம் காட்டிப் பழக்கினா அப்புறம் வாயைத் திறக்கவே மாட்டானாமே?”
“வீட்ல தமிழ் பேசாதீங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொல்றாங்களே?”
“அஞ்சு வயசு தாண்டிட்டா அவ்வளவுதானா?”

வாய்விட்டுக் கேட்காத ஐந்தாவது கேள்வி ஒண்ணு உண்டு. பெரும்பாலும் அம்மாவின் கண்ணில் இருக்கும். “என்னாலதான் இப்படி ஆச்சா?”

இந்த ஐந்துக்கும் பதில் கடந்த 80 வருட வரலாற்றில் இருக்கு.

3.
1938. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர். அங்கிருந்து ஒரு வழக்கறிஞர், தன் மகன் டொனால்டைப் பற்றி 33 பக்கக் கடிதம் எழுதி, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவருக்கு அனுப்பினார். பையனுக்கு நினைவாற்றல் அபாரம். ஆனால் பக்கத்தில் யார் வந்தாலும் போனாலும் கண்டுகொள்வதில்லை. ஒரு விடுதியில் விட்டுப் பார்த்து, பிறகு வீட்டுக்கே கூட்டி வந்திருந்தார்கள்.

கானர் டொனால்டைப் பார்த்தார். அதன் பிறகு அதே மாதிரி இன்னும் பத்துக் குழந்தைகளைப் பார்த்தார். 1943-ல் அந்த 11 பேரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக மருத்துவ உலகம் முழுக்கப் பரவலாக அறிமுகப்படுத்தியது. (1925-லேயே சோவியத் மருத்துவர் க்ருன்யா சுகரேவா இதைப் போன்ற ஆறு சிறுவர்களை விவரித்து எழுதிவிட்டார். அது ரொம்ப காலம் பலர் கண்ணில் படவே இல்லை.)

4.
அந்த 11 பேரில் 8 பேருக்குப் பேச்சு வந்தது. 3 பேருக்கு வரவில்லை. இங்கேதான் கானர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பேச்சு வந்த எட்டுப் பேரும் பேச்சை வைத்து மற்றவர்களோடு உறவாடவில்லை. பெயர்கள், பாட்டுகள், பட்டியல்கள் மனப்பாடம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். ‘நான்’ வரவேண்டிய இடத்தில் ‘நீ’ வந்தது.

நம்ம ஊர் உதாரணம் சொன்னா உடனே புரியும். குழந்தைக்குத் தாகம். “எனக்குத் தண்ணி வேணும்” என்று சொல்லாமல் “தண்ணி வேணுமா கண்ணு?” என்று கேட்கும். தண்ணி கிடைக்கும்போதெல்லாம் அம்மா வாயிலிருந்து கேட்ட வாக்கியம் அதுதானே?

இதற்கு எக்கோலாலியா என்று பெயர். நம்ம ஊரில் கிளிப்பிள்ளைப் பேச்சு என்பார்கள். 1943-ல் கானரும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். பேச்சு இருக்கு, ஆனால் எதையும் தெரிவிக்கவில்லை என்று.

5.
மூணே வருஷத்தில் அவர் இன்னும் ஒரு படி போனார். 1946-ல் இன்னொரு கட்டுரை.

பால் என்ற ஐந்து வயதுப் பையன். கிளினிக்கில் நின்றுகொண்டு, நாயை பால்கனியிலிருந்து தூக்கி எறியாதே என்று சொல்கிறான். அங்கே நாயும் இல்லை, பால்கனியும் இல்லை. உளறல் என்றுதான் யாருக்கும் தோன்றும். கானர் அம்மாவிடம் விசாரித்தார். சில வருடங்களுக்கு முன் லண்டனில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்தபோது, பையன் பொம்மை நாயை பால்கனியிலிருந்து கீழே போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். எடுத்து எடுத்துக் கொடுத்து அலுத்துப்போன அம்மா ஒரு நாள் அதட்டினார். அன்றிலிருந்து, எதையாவது தூக்கி எறிய ஆசை வரும்போதெல்லாம் பையன் அந்த வாக்கியத்தைச் சொல்லித் தன்னைத்தானே தடுத்துக்கொள்கிறான்!

அர்த்தமில்லாத பேச்சு அல்ல அது. அதைத் திறக்கும் சாவி அம்மாவிடம் இருந்தது. கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

6.
டொனால்டு என்ன ஆனான்? கானரின் யோசனைப்படி 1942-ல் அவனை ஒரு விவசாயத் தம்பதியோடு தங்க வைத்தார்கள். பையனுக்கு எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும் பழக்கம். எண்ணாதே என்று அந்த விவசாயி அதட்டவில்லை. உழும்போது மக்காச்சோள வரிசைகளை எண்ணச் சொன்னார். எதையாவது அளந்துகொண்டே இருப்பான், கிணற்றின் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்.

தெரபி என்ற வார்த்தையே அந்தப் பண்ணையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் குழந்தையின் ஆர்வத்தைப் பிடித்து அதன் வழியே போவது என்று இன்று நாங்கள் சொல்லித்தருவது இதைத்தான். டொனால்டு ட்ரிப்லெட் கல்லூரிப் படிப்பு முடித்தார், சொந்த ஊரில் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் விளையாடினார், தனியாகப் பல நாடுகள் சுற்றினார். 2023-ல் 89 வயதில் காலமானார்.

7.
இதே பாதையில் மருத்துவம் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை.

1943 கட்டுரையின் முடிவில் இது பிறவியிலேயே வருவது என்று எழுதிய அதே கானர், பெற்றோர்களின் குளிர்ந்த சுபாவத்தைப் பற்றியும் குறிப்பிட்டார். 1949-ல் அந்தப் பேச்சு இன்னும் தடித்தது. குளிர்பதனப் பெட்டி என்ற உவமையை அந்த வீடுகளுக்குக் கொடுத்தார். அது ‘ஃப்ரிட்ஜ் அம்மாக்கள்’ என்ற பட்டமாக மாறி, இருபது வருடம் தாய்மார்களைத் துரத்தியது.

அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சிகாகோவின் ப்ரூனோ பெட்டல்ஹைம். இவர் மருத்துவரே கிடையாது. நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு மீண்டவர். முகாமில் கைதிகள் உள்ளுக்குள் ஒடுங்கியதைப் பார்த்தவர், ஆட்டிசக் குழந்தைகளும் அப்படி ஒடுங்கியவர்கள் என்றார். அப்படியானால் முகாம் காவலர் யார்? அம்மா!

8.
இதன் நடைமுறை விளைவைப் பாருங்க. காரணம் அம்மா என்றால் சிகிச்சை என்ன? குழந்தையை அம்மாவிடமிருந்து பிரிப்பது. அம்மாவுக்கு மனோபகுப்பாய்வு. குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது முக்கியமாகவே படவில்லை. உள்ளே இருக்கும் காயம் ஆறினால் பேச்சு தானாக வரும் என்று காத்திருந்தார்கள். ஒரு தலைமுறைக் குழந்தைகளின் மிக முக்கியமான வருடங்கள் இந்தக் காத்திருப்பில் போயின.

பெட்டல்ஹைமின் ‘வெற்றுக் கோட்டை’ புத்தகம் 1967-ல் வந்தது. அதே 1967-ல் க்ளாரா பார்க் என்ற தாய், தன் மகளோடு வாழ்ந்ததை ‘முற்றுகை’ என்ற பெயரில் புத்தகமாக எழுதினார். தினம் தினம் தரையில் உட்கார்ந்து, விளையாட்டு வழியாக மகளின் உலகத்துக்குள் எப்படி நுழைந்தார் என்று. ஒருவர் கோட்டை வெறுமை என்கிறார், இன்னொருவர் கோட்டை வாசலில் உட்கார்ந்து கதவைத் தட்டுகிறார்.

9.
குற்றச்சாட்டை உடைத்ததும் ஒரு பெற்றோர்தான். பெர்னார்ட் ரிம்லண்ட், அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா. 1964-ல் அவர் எழுதிய புத்தகம், இது மூளையும் உடலும் சார்ந்த நிலை என்று வாதாடியது. அதற்கு முன்னுரை எழுதியவர் சாட்சாத் கானர். 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் கானர், பெற்றோர்களே, உங்கள் மேல் குற்றம் இல்லை என்று பகிரங்கமாக விடுவித்தார்.

1977-ல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். மரபணு ஒன்றேயான 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் மரபணுவின் பங்கை முதலில் தெளிவாகக் காட்டியது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

ஆக, அந்தக் கேட்காத ஐந்தாவது கேள்விக்குப் பதில்: இல்லை அம்மா, உங்களால் இல்லை. நீங்க வேலைக்குப் போனதால் இல்லை, டிவி போட்டதால் ஆட்டிசம் வந்துடலை, கொஞ்சாததால் வரலை.

10.
அந்த இருட்டுக் காலத்திலும் சில இடங்களில் வெளிச்சம் இருந்தது. 1947-ல் பிறந்த டெம்பிள் கிராண்டினுக்கு நான்கு வயது நெருங்கும் வரை பேச்சு இல்லை. பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியரானவர். பெரியவர்கள் வேகமாகப் பேசும்போது தனக்கு உயிரொலிகள் மட்டும்தான் கேட்டன, மெய்யொலிகள் காணாமல் போயின என்று எழுதியிருக்கிறார். அவருக்கு வாய்த்த பேச்சுப் பயிற்சியாளர் மெய்யெழுத்துகளை இழுத்து, மெதுவாக, அழுத்திச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்மா விடாமல் கூட நின்றார்.

இதில் நமக்கு ஒரு பாடம். இந்தக் குழந்தைகளிடம் வேகமாக, நீளமாகப் பேசாதீங்க. “டேய் அங்க என்னடா பண்ற இங்க வா சாப்பிட்டியா இல்லையா” என்பது அவர்களுக்கு ஒரே இரைச்சல். “வா. சாப்பாடு.” போதும்.

11.
அடுத்து வந்தவர் கலிஃபோர்னியாவின் ஐவார் லோவாஸ். 1960-களில் எல்லோரும் காத்திருந்தபோது, இல்லை, கற்றுக்கொடுக்கலாம் என்றவர். இதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேணும்.

1966-ல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் குழு எழுதிய முறை இது. பேசாத குழந்தை எந்த ஒலி எழுப்பினாலும் ஒரு வாய் உணவு பரிசு. பிறகு, பெரியவர் ஒலி எழுப்பிய சில விநாடிக்குள் குழந்தையும் எழுப்பினால் மட்டும் பரிசு. பிறகு, அதே ஒலியாக இருந்தால் மட்டும். இப்படிப் படிப்படியாக ஒலி, எழுத்து, சொல்.

குழந்தைகள் சொற்களைச் சொன்னார்கள். அது உண்மை.

12.
இன்னொரு உண்மையும் இருக்கு. அதே லோவாஸ் அறைந்தார், கத்தினார், சில குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சியும் கொடுத்தார். 1965-ல் ‘லைஃப்’ பத்திரிகை இதைப் படங்களோடு வெளியிட்டது. தலைப்பிலேயே அலறலும் அறையும் இருந்தன, கடைசியில் அன்பும். 1987-ல் வெளியான அவருடைய புகழ்பெற்ற ஆய்வு (வாரம் 40 மணி நேரம் பயிற்சி, 19 பேரில் 9 பேர் மற்ற குழந்தைகளைப் போல் பள்ளியில் தேறினார்கள் என்றது) தொடையில் அடிப்பதையும் முறையின் பகுதியாகவே வைத்திருந்தது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு அது. அந்த அளவு பலன் பிறகு வந்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை.

ஏன் சொல்றேன்னா, “ரெண்டு அடி போட்டா பேசுவான்” என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அடி பேச்சைக் கொண்டுவராது. பயத்தைக் கொண்டுவரும். எந்த மையத்திலாவது குழந்தையை அடித்தாலோ, கட்டி வைத்தாலோ, கதவைச் சாத்தி உங்களை வெளியே நிறுத்தினாலோ, அந்த நிமிஷமே குழந்தையைத் தூக்கிட்டு வந்துடுங்க.

13.
லோவாஸ் குழுவின் ஆய்வுகளிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1973-ல் வந்தது. பயிற்சி முடிந்த குழந்தைகளைச் சில வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். விடுதிகளுக்குத் திரும்பிய குழந்தைகள் கற்றதை இழந்திருந்தார்கள். பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய குழந்தைகள் தக்கவைத்திருந்தார்கள், சிலர் மேலும் முன்னேறியிருந்தார்கள்.

தாயிடமிருந்து பிரித்தால்தான் குழந்தை தேறும் என்றார் பெட்டல்ஹைம். கணக்கு நேர் எதிராக வந்து நின்றது.

அதே காலத்தில் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர், பெற்றோரை ‘கூட்டு சிகிச்சையாளர்’ ஆக்கினார். 1972-ல் அவருடைய ‘டீச்’ திட்டம் அந்த மாநிலம் முழுக்க வந்தது. படம் போட்ட அட்டவணை, ‘முதலில் இது, அடுத்து அது’ என்று கண்ணால் பார்க்கும் ஒழுங்கு. இன்று நம்ம ஊர் சிறப்புப் பள்ளிகளில் சுவரில் ஒட்டியிருக்கும் பட அட்டைகளின் பூர்வீகங்களில் இதுவும் ஒன்று.

14.
மேசை எதிரே உட்கார வைத்து “பந்து சொல்லு, பந்து சொல்லு” என்பதில் ஒரு சிக்கல் தெரிய ஆரம்பித்தது. குழந்தை அறையில் ‘பந்து’ என்கிறது. வீட்டில் பந்து வேண்டியபோது அழுகிறது. சொல் இருக்கு. பயன் இல்லை.

1987-ல் ராபர்ட் கோகெலும் அவர் குழுவினரும் வேறு மாதிரி செய்தார்கள். எந்தப் பொம்மை என்பதைக் குழந்தை தேர்ந்தெடுக்கும். முயற்சி செய்தாலே போதும், உச்சரிப்பு சரியாக இருக்கணும் என்றில்லை. பரிசு மிட்டாய் அல்ல, கேட்ட பொருளேதான். ‘கா’ என்றால் கார் ஓடும். மேசைப் பயிற்சியைவிட இதில் குழந்தைகள் அதிகமாகப் பேசினார்கள், வெளியிலும் பேசினார்கள்.

கனடாவின் ஹானன் மையம் 1970-களிலிருந்து பெற்றோருக்குச் சொல்லித் தருவதும் இதே திசைதான்: கவனி, காத்திரு, கேள்.

15.
இப்போ முதல் கேள்விக்கு வருவோம். திருப்பிச் சொல்வதை நிறுத்தணுமா?

1960, 70-களில் பலர் நிறுத்தத்தான் பார்த்தார்கள். எக்கோலாலியா ஒரு கெட்ட பழக்கம், அழிக்கணும் என்று. 1981-ல் பேரி ப்ரிசான்ட் என்ற பேச்சு நிபுணரும் ஜூடித் டூசனும் நான்கு குழந்தைகளை வீடியோ எடுத்தார்கள். குழந்தை எதைத் திருப்பிச் சொன்னது என்பதோடு நிற்காமல், அப்போது எங்கே பார்த்தது, கை எங்கே போனது, அடுத்து என்ன செய்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். உடனடியாகத் திருப்பிச் சொல்வதற்கே ஏழு வேலைகள் இருந்தன. ‘ஆமாம்’ என்பதற்குப் பதிலாக, கேட்பதற்காக, பேச்சில் தன் முறையை விடாமல் பிடிக்க, தனக்குள் ஒத்திகை பார்க்க, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள என்று. 1984-ல், எப்போதோ கேட்டதைப் பிறகு சொல்லும் வகைக்கு 14 வேலைகள் என்று ப்ரிசான்ட் பங்கேற்ற இன்னொரு ஆய்வு சொன்னது.

1946-ல் கானர் அந்த பால்கனிப் பையனிடம் கண்டது, 35 வருடம் கழித்து முறையான ஆய்வாக வந்து சேர்ந்தது.

16.
வீட்டில் என்ன செய்யலாம்? குழந்தை “தண்ணி வேணுமா கண்ணு?” என்றால், “அப்படிச் சொல்லாதே” என்று வெட்டாதீங்க. கேட்டுவிட்டது, அதுதான் செய்தி. தண்ணியை எடுத்துக்கொண்டே, குழந்தை சொல்லவேண்டிய வடிவத்தில் நீங்க சொல்லுங்க: “தண்ணி வேணும்.” கொடுங்க. நாளைக்கும் அதே. அதற்கு அடுத்த நாளும்.

டிவி விளம்பர வசனத்தை ஓயாமல் சொல்கிறதா? எப்போது சொல்கிறது என்று ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதுங்க. பசிக்கும்போதா, பயத்திலா, சந்தோஷத்திலா? உங்க வீட்டு பால்கனிக் கதை அதில் கிடைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். இதையே அடிப்படையாக வைத்துப் புதுப் பெயர்களில் பயிற்சி முறைகள் இணையத்தில் நிறைய விற்பனையாகுது. எக்கோலாலியாவுக்கு அர்த்தம் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கு. அதை வைத்து விற்கும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஆதாரம் இருக்குன்னு அர்த்தமில்லை.

17.
இரண்டாவது கேள்வி, படம்.

1985, அமெரிக்காவின் டெலாவேர் மாநிலம். ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் பேசாத குழந்தைகளுக்குப் படப் பரிமாற்ற முறையை உருவாக்கினார்கள். ‘பெக்ஸ்’ என்பார்கள். படத்தைத் தொட்டுக் காட்டினால் போதாது. குழந்தை பிஸ்கட் படத்தை எடுத்துக்கொண்டு வந்து ஒருவர் கையில் கொடுக்கணும். உடனே பிஸ்கட் கிடைக்கும்.

இதில் நுட்பம் அந்தக் கை மாற்றத்தில் இருக்கு. எனக்கு வேண்டியதை இன்னொரு மனிதரிடம் போய்க் கேட்கணும் என்பதைக் குழந்தை முதலில் கற்கிறது. பேச்சுக்கு அடியில் இருக்கும் அஸ்திவாரம் அதுதான்.

18.
படம் பழகினால் பேச்சு வராதா? 2006-ல் மில்லர், லைட், ஷ்லாஸர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நம்பகமானவையாகத் தேறிய ஆய்வுகளில் மொத்தம் 27 பேர். படம், சைகை, கருவி என மாற்று வழி கற்ற அவர்களில் 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை.

2014-ல் கோனி காசாரி குழு, ஐந்து முதல் எட்டு வயதுக்குள் மிகக் குறைவாகப் பேசும் 61 குழந்தைகளைப் பார்த்தது. பயிற்சியோடு, தொட்டால் பேசும் கருவியையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்த குழந்தைகள்தான் அதிகமாகத் தாங்களாகத் தொடர்பு கொண்டார்கள்.

நம்ம சென்னையிலேயே உருவான ‘அவாஸ்’ இந்த வகைச் செயலிதான். தமிழிலும் பேசும். கருவி வாங்க வசதியில்லையா? அட்டையில் ஒட்டிய பத்து போட்டோ போதும், ஆரம்பிக்கலாம். ஊன்றுகோல் பிடித்தால் கால் சோம்பேறியாகிடும்னு எலும்பு முறிந்தவரிடம் யாராவது சொல்வோமா?

19.
ஆசையை வைத்து ஏமாந்த கதையும் இந்த வரலாற்றில் உண்டு. 1990 வாக்கில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிக்லன், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார். பேசாத குழந்தையின் கையை ஒரு உதவியாளர் தாங்கிப் பிடிப்பார். குழந்தை எழுத்துகளைத் தட்டும். அதுவரை ஒரு சொல்கூட சொல்லாத குழந்தைகள் கவிதை எழுதினார்கள், அம்மாவுக்கு அன்பைத் தெரிவித்தார்கள். பெற்றோர் கண்ணீர் விட்டார்கள்.

1993-ல் நியூயார்க்கில் ஓர் எளிய சோதனை. 12 பேர். பேசாதவருக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறொரு படம். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. தட்டச்சில் வந்த பதில்? பேசாதவர் பார்த்தது சரியாக ஒருமுறைகூட வரவில்லை. உதவியாளர் பார்த்த படத்தின் பெயர்தான் வந்தது. அவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. தங்கள் கைதான் நகர்த்துகிறது என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

20.
இதற்கிடையில் இந்த முறையில் ‘எழுதப்பட்ட’ பாலியல் குற்றச்சாட்டுகளால் சில பெற்றோர் வழக்குகளில் சிக்கிக் குடும்பங்கள் சிதைந்தன. அமெரிக்கப் பேச்சு-கேட்பியல் சங்கம் 2018-லும் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று மீண்டும் சொன்னது. எழுத்துப் பலகையை உதவியாளரே பிடித்துக்கொண்டு தூண்டும் முறைக்கும் அதே எச்சரிக்கை.

வேறுபாட்டை இப்படி நினைவில் வச்சுக்கங்க. பக்கத்தில் ஆள் இல்லாதபோதும் குழந்தை தானே எடுத்துக் கொடுக்கிறதா, தானே தொடுகிறதா? அது குழந்தையின் குரல். ஒருவர் கை பிடித்தால் மட்டும் வருகிறதா? சந்தேகப்படுங்க.

ஏக்கம் இருக்கும் இடத்தில் வியாபாரம் வரும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது அல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைக்கும் முன் ஒரு அரசு மருத்துவரிடம் வந்து கேளுங்க. கேட்பதற்குக் காசு கிடையாது.

21.
மூன்றாவது கேள்வி, தமிழா இங்கிலீஷா?

இரண்டு மொழி குழப்பும் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஆட்டிசம் உள்ள இருமொழிக் குழந்தைகளை ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டு மொழியால் கூடுதல் தாமதம் வந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் நடப்பதைப் பாருங்க. இங்கிலீஷ் சரளமாக வராத அம்மா, “கம், சிட், ஈட், நோ” என்ற நாலு கட்டளைக்குள் சுருங்கிடறாங்க. பாட்டி பேசுவதையே நிறுத்திடறாங்க. கதை போச்சு, தாலாட்டு போச்சு, கொஞ்சல் போச்சு. பேச்சு கற்கவேண்டிய குழந்தையைச் சுற்றி இருந்த பேச்சே குறைஞ்சு போச்சு. உங்களுக்கு எந்த மொழியில் சிரிப்பும் கோபமும் தானாக வருதோ, அந்த மொழியில் பேசுங்க.

22.
நான்காவது, ஐந்து வயது.

ஐந்து வயதுக்குள் பயனுள்ள பேச்சு வந்தால்தான் எதிர்காலம் என்ற கருத்து 1950-களில் கானர், ஐசன்பெர்க் எழுதியவற்றிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் ஐந்தில் கதவு சாத்தப்படுவதில்லை. 2013-ல் வந்த ஆய்வு, நான்கு வயதில் கடுமையான பேச்சுத் தாமதம் இருந்த 535 குழந்தைகளைப் பார்த்தது. எட்டு வயது அல்லது அதற்கு மேல் ஆனபோது 70 சதவீதம் பேர் சொற்றொடராகப் பேசினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் (47 சதவீதம்) சரளமாகப் பேசினார்கள்.

மீதி 30 சதவீதம்? அவர்களை விட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் படமும் கருவியும். பேச்சு வராத குழந்தைக்கும் சொல்ல விஷயம் இருக்கு.

23.
கடைசியாக நமக்கு மிக நெருக்கமான அத்தியாயம். 2010-ல் பிரிட்டனில் 152 குழந்தைகளோடு ‘பேக்ட்’ என்ற ஆய்வு. தெரபிஸ்ட் குழந்தைக்கு நேரடியாகப் பயிற்சி கொடுக்கவில்லை. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். இதோ, இங்கே குழந்தை உங்களைப் பார்த்துச்சு, கவனிச்சீங்களா? நீங்க காத்திருந்தப்போ என்ன ஆச்சு பாருங்க. அவ்வளவுதான் முறை. முதலில் மாற்றம் பெற்றோரின் அணுகுமுறையில்தான் தெரிந்தது. ஏறக்குறைய ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, கடுமையான அறிகுறிகள் பயிற்சி பெற்ற குழுவில் 46 சதவீதம், மற்றதில் 63 சதவீதம்.

இதையே நம் சூழலுக்கு மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு செய்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. நடத்தியவர்கள் நிபுணர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். 12 சந்திப்புகள். பெற்றோர் குழந்தையோடு ஒத்திசைவது கூடியது, குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. எல்லா அளவுகோலிலும் வெற்றி இல்லை, பகிர்ந்து கவனிப்பதில் முன்னேற்றம் வரவில்லை. ஆனாலும் நிபுணர்கள் குறைவாக உள்ள நம் போன்ற நாட்டுக்கு இது பெரிய நம்பிக்கை.

24.
இந்த 80 வருடத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக இப்படிச் சுருக்கலாம்.

• குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்காருங்க. தரைதான் சிறந்த தெரபி அறை.
• அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்க. விசிறியைப் பார்த்தால் “விசிறி சுத்துது”.
• கேள்வி குறைங்க. “இது என்ன? அது என்ன?” என்று நாள் முழுக்கத் தேர்வு வைக்காதீங்க.
• ஒரு சொல் பேசும் குழந்தையிடம் இரண்டு சொல்லில் பேசுங்க.
• பிடித்ததைக் கண்ணில் படும், கைக்கு எட்டாத இடத்தில் வைங்க. கேட்க ஒரு காரணம் வேணும்.
• தெரிந்த பாட்டைப் பாதியில் நிறுத்திட்டு, பத்து விநாடி காத்திருங்க. பார்வை, கை, ஒலி எது வந்தாலும் பதில்தான். தொடருங்க.
• திருப்பிச் சொல்வதை வெட்டாதீங்க, மொழிபெயர்த்துக் கொடுங்க.

25.
எப்போ மருத்துவரைப் பார்க்கணும்? ஒரு வயதில் மழலை, கைகாட்டுதல் இல்லை என்றால். 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்றால். இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால். எந்த வயதிலும், வந்த பேச்சு போய்விட்டது என்றால் உடனே. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று காத்திருக்காதீங்க. முதல் வேலை காது பரிசோதனை. பேச்சுத் தாமதம் எல்லாம் ஆட்டிசம் அல்ல.

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கு. உங்க மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்க, கட்டணம் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் உண்டு. சான்றிதழ், யு.டி.ஐ.டி. அட்டை வாங்கிக்கங்க. அது முத்திரை குத்துவது இல்லை, உரிமைக்கான சாவி.

26.
மருந்து கொடுத்து ஒரு மாதத்தில் பேச வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. தாமதமாக வரும் பேச்சு உண்டு, வராமலே போகும் பேச்சும் உண்டு. இரண்டிலும் குழந்தை நம்மிடம் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருக்கு. இன்னைக்கு சாயங்காலம் போனை ஓரமா வச்சுட்டு, பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து கவனிங்க.

சந்தேகங்களைக் கீழே கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன். தேவைப்படும் ஒரு குடும்பத்துக்காவது இதை அனுப்புங்க.